ஏழு நாள் தொடாத பாம்பு

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை பல வடிவங்களில் உலவுகிறது. என் மனைவி செல்வியின் சிற்றன்னை சொல்லும்போது பாம்பின் நீளம் ஒன்பது அடி. என் மகள் பிறப்பதற்கு முன் நடந்த கதை இது. ஆயினும் அவள் வடிவில் நான் அலறியது பக்கத்து ஊரான கிளிஞ்சல்மேடு வரைக்கும் கேட்டிருக்கிறது. ஆகவே நானே கண்டதையும், என்னை நேசிக்காதவர்கள் இருவராவது ஒப்புக்கொண்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். பாம்பின் நீளம் மூன்றடி. அளந்தவன் நான் (பெட்டிக்கு வெளியே நின்று, உத்தேசமாகத்தான்).

சுனாமிக்குப் பிறகு கட்டித் தரப்பட்ட வீட்டுக்கு என் மாமனார் குடும்பம் குடியேறியிருந்த காலம். ஊர், காரைக்கால்மேடு. மாமனாருக்குக் கடல் தொழில். மாமியார் விடியுமுன் ஏலத்துக்குப் போய் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். நான் குரும்பகரத்து வயல்வெளியில் வளர்ந்து, தமிழாசிரியனாகி, செல்வியைக் காதலித்து மணந்தவன். திருமணமாகி ஓராண்டாகியும் மாமனார் என்னை 'மாப்ள' என்று அழைத்ததில்லை. 'வாத்தியாரு'தான். "வாத்தியாருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்பார். 'மாப்ள' என்ற அந்த ஒரு சொல்லுக்காக நான் எதையும் செய்யத் துணிந்திருந்தேன். எதையும் என்பதில் பாம்பும் அடங்கும் என்று அப்போது தெரியாது.

காலாண்டு விடுமுறைக்கு நாங்கள் அங்கே போயிருந்தபோது, சென்னையில் படித்துக்கொண்டிருந்த மைத்துனன் வேலு ஒரு துணிப்பையுடன் வந்து இறங்கினான். பைக்குள் வெளிநாட்டு இனத்துச் சோளப்பாம்பு, நஞ்சில்லாதது. புதிதாக வாங்கியிருக்கிறான், அறையின் உரிமையாளர் இருவரையும் சேர்த்து விரட்டியிருக்கிறார். மறுநாளே தேர்வுக்குத் திரும்ப வேண்டியவன், மீன் வைக்கும் காலித் தெர்மகோல் பெட்டி ஒன்றில் துளைகள் இட்டு, செய்தித்தாள் விரித்து, ஒளிந்துகொள்ள உடைந்த சட்டி ஒன்றைக் கவிழ்த்து, தண்ணீர்க் கிண்ணம் வைத்து, என்னைத் தனியே அழைத்தான்.

"மச்சான், புது எடம், பயந்து கெடக்கும். ஏழு நாளு யாரும் தொடக் கூடாது. தீனியும் வேணாம். சத்தம் ஆவாது. எட்டாம் நாளு வேணும்னா ரெண்டு நிமிசம் கையில எடுத்துப் பழக்குங்க. ரெண்டே நிமிசம்."

"ஏன் என்னிடம் சொல்கிறாய்?"

"இந்த வூட்ல சொன்னதக் கேக்குற ஆளு நீங்க ஒருத்தர்தான் மச்சான்."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

விதிகளைச் செப்பமான தமிழில் எழுதிப் பின்கட்டுச் சுவரில் ஒட்டினேன். தொலைக்காட்சித் தொடரின் ஒலியைப் பாதியாகக் குறைத்தேன். எட்டிப் பார்க்க வந்த அண்டை வீட்டாரை வாசலோடு திருப்பி அனுப்பினேன். பெட்டியின் மேல் ஒரு செங்கல்லை வைத்தேன் (பாம்பின் நிம்மதிக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன்).

மாமனார் வலையைப் பிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "வலையில கடல்பாம்பு வந்தா வாலப் புடிச்சு வீசிட்டு அடுத்த வேலயப் பாப்போம். இதுக்கு ஏழு நாளு விருந்தா, வாத்தியாரே?"

"நம்பிக்கை வளர வேண்டும் மாமா."

"யாருக்கு? அதுக்கா, ஒங்களுக்கா?"

முதல் இரண்டு நாளும் பாம்பு அடங்கவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. மூக்கால் மூடியை முட்டியது. ஒவ்வொரு முட்டுக்கும் நான் அடுத்த அறைக்குப் போய்வந்தேன். மூன்றாம் நாள் காலை துளை வழியே பார்த்தபோது அது சட்டியின் ஓரத்தில் சுருண்டு, அசைவற்று, துறவியைப் போலக் கிடந்தது. நான்காம் நாளும் அப்படியே. காகிதத்தில் ஈரம் தெரிந்தது. கிண்ணம் தளும்பியிருக்கும் என்று முடிவு செய்தேன். மூடியைத் திறந்து பார்த்திருக்கலாம். அது விதிமீறல் (பயம் என்று செல்வி திருத்துகிறாள்).

"பழகிவிட்டது" என்று வேலுவுக்குத் தொலைபேசியில் அறிவித்தேன்.

"அதுக்குள்ளயா? கில்லாடி மச்சான் நீங்க!"

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கே முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. கூட்டியவன் நானே. மாமனாருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டேன். மூடியைத் திறந்தேன். சட்டிக்குப் பின்னால் முடிச்சிட்ட பை ஒன்று கிடந்தது. பாம்பைத் தவிர வேறெதையும் கவனிக்கும் நிலையில் என் கண்கள் இல்லை. கையில் எடுத்தேன். எதிர்க்கவே இல்லை. சில்லென்று, நனைந்த கயிற்றைப் போலத் தொங்கியது. மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிமிர்வு என் தலைக்கு ஏறியது. பாம்பைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்கினேன்.

பொறுமையைப் பற்றிப் பேசினேன். அன்பு உயிர்களை எவ்வாறு வயப்படுத்தும் என்று விளக்கினேன். இரண்டு நிமிடம் என்று வேலு சொல்லியிருந்தான். என் தொழிலில் ஒரு பாடவேளை நாற்பத்தைந்து நிமிடம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் கழுத்தும் சூடாகத்தான் இருந்திருக்கும்.

"அஞ்சற்க. அன்புக்கு முன்னே..." என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, மாலை நகர்ந்தது.

சட்டையின் கழுத்து வழியே அது உள்ளே போனது. மார்பைக் கடந்தது. அதன் பிறகு நான் பேசியவற்றில் செம்மையான தொடர் ஒன்றுகூட இல்லை என்பதை இருவர் அல்ல, இருபது பேர் உறுதி செய்கிறார்கள். குதித்தேன். பின்னோக்கி ஓடினேன். முற்றத்தில் குவித்திருந்த வலைக்குள் இரு கால்களும் சிக்கி மல்லாந்து விழுந்தேன். எழ முயன்றபோது வலை மேலும் இறுகியது.

"எடுங்க! யாராச்சும் எடுங்களேன்!"

மாமியார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். அவசரப்படவில்லை.

"அசயாம கெடங்க தம்பி. நீங்க துள்ளுனா அதுவும் துள்ளும்."

என் சட்டையின் கீழ்ப்பக்கமாகக் கைவிட்டு, கூடையிலிருந்து மீன் எடுப்பவர் போல அதை நடுவில் பிடித்து எடுத்தார், பெட்டியில் விட்டார், மூடினார். பிறகு தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்:

"இன்னக்கி ஐஸு கொறச்சலாப் போட்டுட்டேன் போல."

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐஸா? என்ன ஐஸ், அத்தை?" என்றேன், வலைக்குள்ளிருந்து.

"தெனமும் வெடியக்காலயில எல்லாப் பொட்டிக்கும் போடுறதுதான தம்பி. ஒரு பையி கட்டி மூலயில வச்சேன். பொட்டிக்குள்ள இருக்குறது கெட்டுப் போயிடாதா?"

ஆக, ஐந்து நாளாக அந்தப் பாம்பு என் அன்பினால் அடங்கியிருக்கவில்லை. குளிரில் விறைத்துக் கிடந்திருக்கிறது. என் உடற்சூடுதான் அதை எழுப்பியிருக்கிறது.

மாமனார் சிரிக்கத் தொடங்கினார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எழுந்து வந்து, குனிந்து, என் காலிலிருந்த வலையை ஒவ்வொரு கண்ணாக விடுவித்தார்.

"காலத் தூக்குங்க மாப்ள" என்றார்.

விழுந்து கிடந்த நிலையிலும் அது என் காதில் தெளிவாக விழுந்தது. வலையில் இன்னும் சற்று நேரம் கிடந்திருக்கவும் நான் தயார்.

பாம்புக்கு ஒரு குறையும் நேரவில்லை. பையை அன்றே அகற்றினோம். புது விதிப்பட்டியலின் முதல் விதி ஐஸைப் பற்றியது. மீண்டும் ஏழு நாள் யாரும் தொடவில்லை. குறிப்பாக, நான் தொடவில்லை. வேலு வந்து, அதை வளர்க்கத் தெரிந்த நண்பனிடம் ஒப்படைத்தான்.

இன்றும் குடும்ப விருந்துகளில் நான் சற்று நேரம் பேசாமல் இருந்தால் மாமனார் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "மாப்ள அடங்கிக் கெடக்காரு, பொட்டியில பையி இருக்கான்னு பாரு!" நான் நீளமாகப் பேசத் தொடங்கினாலோ, "அந்தப் பையக் கொண்டா!" என் மகளும் இப்போது சொல்கிறாள்.

ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. ஐஸில் விழுந்த கடல்பாம்பு விறைத்துக் கிடக்கும் என்பது மீன் கூடை சுமந்த எவருக்கும் தெரியும் என்று செல்வி பிறகு சொன்னாள். முப்பது ஆண்டு கூடை சுமந்தவர் என் மாமியார். முதல் இரண்டு நாளும் ஒவ்வொரு முட்டுக்கும் நான் அடுத்த அறைக்குப் போனதையும் அவர் பார்த்திருக்கிறார்; பை வந்தது அதற்குப் பிறகுதான். அந்தப் பையை அவர் வழக்கத்தால் வைத்தாரா, எட்டாம் நாள் நான் தோற்றுவிடக் கூடாது என்று வைத்தாரா என்று இருமுறை கேட்டேன். இருமுறையும், "சாப்புடுங்க தம்பி, ஆறிப்போவுது" என்றார்.

விடை எனக்குத் தெரியாது.