வேலை செய்யாத மூக்கு

முகத்தில் மூக்கு இருப்பதை யாராலும் மறைக்க முடியாது. அது வேலை செய்வதை மறைக்கலாம். நம் லிஃப்ட் மெக்கானிக் அதைப் பதினோரு வருஷம் மறைத்தார்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் குப்பைக்கூடை நாறியது. "என்னங்க, உங்களுக்கு நாத்தம் வரலையா?" என்று மனைவி கேட்டாள். "எனக்கு வாசனையே தெரியாதும்மா. சின்ன வயசுல ஒரு ஜுரம் வந்தது, அதோட போயிடுச்சு" என்று வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டார். அன்றோடு விடுதலை. குப்பை, சாக்கடை அடைப்பு, ஃபிரிட்ஜின் பின்வரிசையில் பூஞ்சை பூத்துக் கிடக்கும் டப்பாக்கள், மகள் பிறந்த பிறகு அவள் நனைத்த துணிகள், எதுவும் அவரை அண்டவில்லை. மனைவி கணக்கு டீச்சர். குறுக்குக் கேள்வி கேட்டே பிள்ளைகளை அழ வைப்பவள். அவளே இதை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பிவிட்டதில் மெக்கானிக்குக் கொள்ளைப் பெருமை.

வினை பீர் உருவத்தில் வந்தது.

ஊர்க் கோடியில் ஒரு சின்ன பீர் ஆலை. சரக்கு ஏற்றும் லிஃப்டைப் பழுது பார்க்கப் போனவருக்கு ஆலை முதலாளி ஒரு கிளாஸை நீட்டினார். ஹாப்ஸ் என்ற பூவைக் கைநிறைய அள்ளிப் போட்டுக் காய்ச்சிய கசப்புப் பீர். மெக்கானிக் குடிப்பதற்கு முன் மோந்து பார்த்தார்.

"சாத்துக்குடித் தோல். அப்புறம், இப்பத்தான் வெட்டின புல்லு. பின்னாடியே ஏதோ ஒரு கெட்ட வாடை... பாட்டிலை வெயில்ல வெச்சீங்களா?"

வைத்திருந்தார்கள். முதலாளி ஆடிப்போய்விட்டார். "ஞாயித்துக்கிழமை இங்க பீர் போட்டி நடக்குது. நீங்கதான் ஒரு நடுவரா உக்காரணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

நடுவர்! இருபது வருஷமாக லிஃப்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பிழைக்கும் மனிதரிடம் யாரும் எதற்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை. வீட்டில் திரைச்சீலை வாங்கும்போதுகூடக் கேட்டதில்லை. போயே தீர வேண்டும். ஆனால் மூக்கு குணமான சேதி வீட்டுக்குப் போகவே கூடாது. "ஞாயித்துக்கிழமை ஒரு அவசர வேலை, லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு" என்று சொல்லி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை நிற்கப் போகும் லிஃப்டைப் பற்றிப் புதன்கிழமையே எப்படித் தெரிந்தது என்று டீச்சர் கேட்கவில்லை.

மொட்டை மாடி மோட்டார் அறையில் பீரை மோந்து மார்க் போடும் பயிற்சி ரகசியமாக நடந்தது. வாசனைக்குப் பன்னிரண்டு, சுவைக்கு இருபது என்று பிரித்துப் போட்டு, மொத்தம் ஐம்பதுக்கு மார்க். ஆலையில் கொடுத்த நடுவர் விதித்தாளின் பின்பக்கம் அதைக் குறித்து, டூல்ஸ் பெட்டிக்குள் ஸ்பானருக்கு அடியில் ஒளித்தார். மறுநாள் பார்த்தால் தப்பாகக் கூட்டிய முப்பத்தெட்டு, சரியான நாற்பத்தொன்றாகத் திருத்தப்பட்டிருந்தது. நாமேதான் திருத்தியிருப்போம் என்று விட்டுவிட்டார். நம்மிடம் சிவப்பு மை ஏது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

ஞாயிறு காலை. நடுவர்கள் மேலே எந்த வாசனையும் இருக்கக் கூடாது, மீறினால் வாசலோடு திருப்பிவிடுவோம் என்று அந்த விதித்தாளிலேயே கண்டிப்பாக எழுதியிருந்தது. சோப்புகூடப் போடாமல் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"என்னங்க, ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று மனைவி வந்தாள். கையில் ஒரு சென்ட் பாட்டில். "என் தம்பி அனுப்பினது. லிஃப்டுக்குள்ள வேர்த்து வழிவீங்களே."

புஸ்.

"ஐயோ, வேண்டாம்மா!"

"ஏன் பதறுறீங்க? உங்களுக்கென்ன தெரியவா போகுது? பக்கத்துல நிக்கிறவங்களுக்காக." புஸ், புஸ்.

"இந்தச் சட்டை வேண்டாம். கறை இருக்கு."

"எங்க?"

"உள்பக்கம்."

வேறு சட்டைக்காக பீரோவைத் திறந்தார். குப்பென்று முகத்தில் அடித்தது.

"எல்லாத்துக்கும் போட்டு வெச்சுட்டேங்க" என்றாள் மனைவி ஆசையாக. "பனியன் உள்பட."

மணி ஒன்பதரை. பத்துக்குப் போட்டி. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு, பதினோரு வருஷத்தைக் கைகழுவினார்.

"போதும் நிறுத்து! ரோஜா! அதுக்கு அடியில சந்தனம்! அதுக்கும் அடியில மட்டமான ஸ்பிரிட்டு! உன் தம்பி தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கான் கடைக்காரன்!"

மனைவி கண்கூடச் சிமிட்டவில்லை. கதவுக்குப் பின்னால் கைவிட்டு, ஹாங்கரோடு ஒரு சட்டையை எடுத்து நீட்டினாள்.

"இதுல எதுவும் போடலை. வெறும் தண்ணியில அலசினது. மேலுக்கு ஒரு சொம்பு ஊத்திக்கிட்டு மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க, நடுவர் ஐயா. போற வழியில குப்பையைக் கொட்டிடுங்க."

கொட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கொட்டினார்.

ஆனால் போட்டியில் மனிதர் வெளுத்து வாங்கிவிட்டார். பதினான்கு கிளாஸ்கள். ஒன்றில் பைன் மரப் பிசின், ஒன்றில் மாம்பழம், ஒன்றில் ஈர அட்டைப்பெட்டி. அவர் மூக்கை நீட்டினால் மற்ற நடுவர்கள் பேனாவை எடுத்தார்கள். நெஞ்சு நிறைந்து, சட்டையில் குத்திய நடுவர் அட்டையைக் கழற்றாமலே வீடு திரும்பினார்.

மத்தியானச் சாப்பாடு காத்திருந்தது. மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை. தட்டின் மேல் குனிந்து, ஆசை தீர மோந்தார்.

"காய் தீஞ்சிருக்கு. பாயசம் அடிபிடிச்சிருக்கு. அம்பதுக்கு இருபத்திரண்டு." அடடா, சொல்வதில்தான் எத்தனை சுகம்! பிறகு மனதைக் குடைந்ததைக் கேட்டார். "ஆமா, என் மூக்கு விஷயம் உனக்கு எப்பத் தெரியும்?"

"வாசனை தெரியாதுன்னு நீங்க சொன்ன மூணாம் நாளே. பக்கத்து வீட்டுல முந்திரிப்பருப்பு வறுத்தாங்க. தூங்கிட்டிருந்த நீங்க எழுந்து உக்காந்தீங்க."

"அப்போவேவா! தெரிஞ்சுமா இத்தனை வருஷம் குப்பையெல்லாம் நீயே அள்ளினே?"

"குப்பை அஞ்சு நிமிஷ வேலைங்க. வாசனை தெரியாதுன்னு சொன்ன மனுஷன் என் சமையலை ஒரு வார்த்தை குறை சொல்ல முடிஞ்சுதா? பதினோரு வருஷம், நான் வெச்சதுதான் சாப்பாடு."

மெக்கானிக்கின் கை பாதி வழியில் நின்றது. தின்று தீர்த்த தீய்ந்த காய்களெல்லாம் வரிசையாகக் கண் முன் வந்து போயின.

"அப்போ... இனிமே?"

மனைவி கரண்டியைத் துடைத்து அவர் தட்டின் ஓரம் வைத்தாள்.

"இனிமே நீங்க சமைங்க. மார்க் போடுறது என் தொழில்."