ராஜாராமன் ரப்பர்த் தவளைக்கு நிறம் தேர்ந்த படலம்

வாழ்க ராஜாராமன்! மதுரை மாநகரில் தலைமுறை தலைமுறையாய்ச் சுங்குடிச் சேலைக்குச் சாயம் தோய்த்துச் சிவந்த கரத்தோர் குலக்கொழுந்து, மற்றோர் சிவப்பென்று ஒரே சொல்லில் கடந்துபோகும் இடத்தில் ஒன்பது சிவப்பைக் காணும் கூர்விழியோன், தூண்டிற்கோல் ஏந்திய தோளன், வாழ்க! அவன் இதுவரை ஒரு மீனும் பிடித்ததில்லை.

ஞாயிறு மதிய விருந்துக்கு மைத்துனன் ராஜகுரு குடும்பத்தோடு வருகிறான். சென்ற முறை ராஜாராமன் வெறுங்கையோடு திரும்பிய வரலாற்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பரப்பி இன்னும் சிரித்து முடிக்காத கொடியோன் அவன். ஆகவே, “கடைமீன் இவ்வில்லம் புகாது, கண்மாய் விராலோடு மீள்வேன்!” என்று மனைவி ஹம்சவேணியிடம் சூளுரைத்துப் புறப்பட்டான் நம் வீரன். அவளும் நம்பி மீன் மசாலாவை அரைத்து வைத்துவிட்டாள், பாவம்.

ஒத்தக்கடைக்கு அப்பால், யானைமலை பார்த்திருக்க, கண்மாய்க்கரையில் பைக்கை நிறுத்தித் தன் டப்பாவைத் திறந்தான். ஆகா! கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, அரக்கு, வெங்காயத்தோல், மயில்கழுத்து என நால்வகைச் சேனையும் நாணி ஒதுங்க அணிவகுத்து நின்றன, விராலை ஏய்க்கத் தூண்டிலில் மாட்டும் ரப்பர்த் தவளைகள். கலங்கல் நீருக்குப் பளிச்சென்ற நிறமே என்பர் யூடியூப் முனிவருள் ஒரு சாரார். கறுப்பே என்பர் மறுசாரார். இருவரையும் முழுமையாகக் கேட்டதுதான் ராஜாராமன் செய்த பாவம்.

அவ்வேளை, கையெட்டும் தூரத்துத் தாமரை இலையோரம் கொழுத்த விரால் ஒன்று டபுக்கென்று புரண்டது. உடன்வந்த தோழன் காசிமாயன் பதறினான்.

“அண்ணே, எதையாச்சும் ஒண்ண மாட்டி வீசுண்ணே! வெயில் ஏறுனா அம்புட்டும் அடியில போயிரும்.”

“நனைச்சுக் காயவச்சுப் பாக்காம எங்க பட்டறையில ஒரு சேலைகூட வெளிய போனதில்ல, காசி. நிறம்னா சும்மாவா?”

இவ்வாறு முழங்கிய சாயக்குலத் திலகன், தவளைகளை ஒவ்வொன்றாய்க் கண்மாய் நீரில் முக்கி, உதறி, பைக்கின் கறுப்பு டேங்கின் மேல் வரிசையாய்க் காயவைத்து, ஒரு கண்ணை மூடி ஒரு முறையும், மறு கண்ணை மூடி ஒரு முறையும் நோக்கி, அரக்கா வாடாமல்லியா, வாடாமல்லியா அரக்கா என்று தனக்குள் பெரும்போர் புரிந்துகொண்டிருக்க, மதுரைக்கே உரிய கதிரவன் கருணையின்றி மேலேறினான். நூலுக்கும் ரப்பருக்கும் உள்ள வேற்றுமையைக் கதிரவன் அறிவான், ராஜாராமன் அறியான்.

“வாடாமல்லியே!” என்று இறுதியில் வெற்றிக்குரல் எழுப்பிக் கைநீட்டினான். வரவில்லை. இழுத்தான். சேனை முழுவதும் சேர்ந்து வந்தது. உருகி ஒட்டி, ஒன்றின் சாயம் மற்றொன்றில் இறங்கி, கண்மாய்ச் சேற்றின் நிறத்தில் ஒரே உருண்டையாய்த் தொங்கிற்று. சாயம் இறங்காத சேலைக்குப் பேர்போன வம்சத்தின் வாரிசு அதைக் கையில் ஏந்தி நின்றான். கண்கூடக் கலங்கிவிட்டது.

காசிமாயன் மெல்லக் கேட்டான். “மீன்கடை இந்நேரம் இருக்குமாண்ணே?”

சூளுரைத்தவன், கடைமீன் ஆகாதென்று தலையசைத்தான்.

மதியம் அந்த மீன் மசாலாவில் ஹம்சவேணி முட்டையை உடைத்து ஊற்றினாள்.