குளியலறை மழைக்காடு

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. அம்மான் நகரத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மேலாளர் இஸ்மத் பேக், அலுவலக நேரத்தில், அலுவலக மேசையின் மீது வைத்து, தம் வீட்டுப் பல்லிகள் இரண்டை நஸ்மி என்னும் ஊழியரின் தலையில் கட்டினார். இது முறையன்று. இழப்பீட்டுப் பிரிவின் பணிகளுள் பல்லி வளர்ப்பு இடம்பெறவில்லை.

"பயப்படாதீங்க அபூ தைம், கடிக்காது."

மகன் தைமின் பெயரால் நஸ்மியை ஊரே அபூ தைம் என்றுதான் அழைத்தது. மேலாளர் அவ்வாறு அழைத்தது அதுவே முதல் முறை. அதிலேயே மனிதர் பாதி விழுந்துவிட்டார்.

பெட்டிக்குள் இருந்தவை உள்ளூர்ப் பல்லிகள் அல்ல. எங்கோ கடலுக்கு நடுவே ஒரு தீவின் மழைக்காட்டைச் சேர்ந்த கொண்டைப் பல்லிகள். கண்ணுக்கு மேல் மை தீட்டிய இமைமுடி போல ஒரு வரிசை முட்கள். அவற்றுள் ஒன்று நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கித் துடைத்துக்கொண்டு நஸ்மியைப் பார்த்தது.

"எங்க பொண்ணு சீரீனோட செல்லங்க. நாங்க ஒரு மாசம் கனடா போறோம். எப்பவும் ஈரமா இருக்கணும், குளிர்ச்சியா இருக்கணும். அவ்வளவுதான்."

"கூண்டு, பேக்?"

"இருந்தது உடைஞ்சுபோச்சு. நீங்களே ஒண்ணு தயார் பண்ணிக்குங்க."

"நம்ம பிரிவு சமீஹ் வீட்ல இடம் ஜாஸ்தி, பேக். தோட்டம்கூட..."

"சமீஹ் கெட்டிக்காரன்தான். ஆனா இந்த வேலை உங்க கைக்குத்தான் சரிப்படும்." மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "பிரிவுத் தலைவர் நாற்காலி காலியா இருக்கறத நான் மறக்கலை. வந்து பேசுவோம்."

இரண்டு முறை அந்த நாற்காலி நஸ்மியைத் தாண்டிப் போயிருந்தது. அவர் பெட்டியை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

வீட்டு வாசலிலேயே மனைவி இப்திஹாஜ் மறித்தார்.

"அபூ பிரைஸா? பல்லியா? என் வீட்டுக்குள்ளயா? அது உப்புல வாய் வச்சா நமக்கு வெண்குஷ்டம் வரும். தெரியுமில்ல?"

"இது வெளிநாட்டுப் பல்லி, இப்திஹாஜ். உப்பெல்லாம் தொடாது. பழக்கூழ்தான் தின்னும்."

"ஊரே பல்லியைக் கண்டா செருப்பைத் தேடுது. நீங்க அதுக்கு வீடு தேடுறீங்க!"

அன்று முதல் உப்பு ஜாடி படுக்கையறை அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டது. பருப்புச் சூப்புக்கு உப்புப் போதவில்லை என்றால் யாராவது எழுந்து, சாவி வாங்கி, படுக்கையறைக்குப் போய்வர வேண்டும்.

மூடிப்போன இனிப்புக் கடையிலிருந்து குனாஃபா அடுக்கும் கண்ணாடிப் பெட்டி ஒன்றை நஸ்மி வாங்கிவந்தார். அவை ஏறி வாழும் பிராணிகள் என்று கைப்பேசியில் படித்திருந்ததால் பெட்டியை நட்டுக்குத்தாக நிறுத்தினார். அடியில் தேங்காய் நார், மேலே பாசி, நடுவில் மணிபிளான்ட், ஒரு மூலையில் ஈரம் காட்டும் மானி. மேற்புறத்துக்குக் கம்பிவலை. தெளிப்பானால் நீர் அடித்தார். மானியின் முள் ஏறியது. அவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிட்டது. ஆகஸ்ட் மாத அம்மானின் காற்று, போட்ட துணியைக் கொடியிலேயே அப்பளமாக்கும் காற்று. அது ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு மட்டும் சலுகை காட்டாது.

எனவே வலையின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி இறுக ஒட்டினார். முள் உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது. நஸ்மி பெருமையோடு உறங்கினார். மூன்றாம் நாள் பாசியில் வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தது. பல்லிகள் இரண்டும் அடியில் விழுந்து கிடந்தன.

"செத்துடுச்சா?" என்றார் இப்திஹாஜ், மறைக்க முடியாத நம்பிக்கையோடு.

"மூச்சு இருக்கு! ஈரமும் வேணுமாம், காத்தும் வேணுமாம்."

"எனக்கும்தான் வேணும். என்னை யாரு தெளிச்சு விடுறா?"

தாளைக் கிழித்தெறிந்த நஸ்மி, பெட்டியைக் குளியலறைக்கு மாற்றினார். கொடி கட்டி, நனைத்த படுக்கை விரிப்புகளைச் சுற்றிலும் தொங்கவிட்டார். முள் சரியான இடத்தில் நின்றது. நிற்க வைப்பதற்கு விரிப்புகளை நாள் முழுவதும் மாறி மாறி நனைக்க வேண்டியிருந்தது. அந்தத் தெருவுக்கு நீர் வருவது வியாழக்கிழமை மட்டும். அன்று கூரைத் தொட்டியில் பிடிப்பதைக் கொண்டுதான் ஒரு குடும்பம் அடுத்த வியாழன் வரை சமைக்க வேண்டும், குளிக்க வேண்டும், துவைக்க வேண்டும். நஸ்மியின் தொட்டி திங்களன்றே காலியாயிற்று.

செவ்வாயன்று தண்ணீர் லாரியை வரவழைத்தார். தெருவில் நின்றபடியே மேலே கைகாட்டி, "அந்த ஓரத்துத் தொட்டி," என்றார். தெருவிலிருந்து பார்த்தால் ஓரத்தில் இருந்தது அவருடைய தொட்டிதான். பின்படி வழியாகக் குழாயோடு ஏறிய லாரிக்காரருக்கு ஓரத்தில் இருந்தது கீழ்வீட்டு அபூ ஐஹமின் தொட்டி.

மாலையில் படிக்கட்டெல்லாம் சோப்பு நுரை. அபூ ஐஹம் கால்சட்டையை மடித்துக்கொண்டு தரைவிரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தார்.

"சுப்ஹானல்லாஹ், அபூ தைம்! செவ்வாய்க்கிழமை என் தொட்டி நிறைஞ்சு வழியுது! எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலை. இது அல்லாஹ்வோட பரக்கத்து இல்லாம வேற என்ன?"

நஸ்மி வாயைத் திறந்தார். தமக்கு எதற்காகச் செவ்வாய்க்கிழமை லாரி நீர் தேவைப்பட்டது என்பதை விளக்க வேண்டிவரும் என்று தோன்றவே, "மாஷா அல்லாஹ்," என்று சொல்லி மூடிக்கொண்டார்.

"காரையும் கழுவிடலாம்னு பார்க்கறேன்," என்றார் அபூ ஐஹம்.

இப்திஹாஜும் தைமும் குளிப்பதற்கு உறவினர் வீட்டுக்குத் துண்டோடு போகத் தொடங்கினார்கள். நஸ்மி இன்னொரு லாரியை அழைத்தார். இந்த முறை தாமே கூரைக்கு ஏறி நின்றார். பல்லிகள் தேறின. ஆனால் குளியலறைத் தரை குடித்த நீர் அதன் வழியைப் பார்த்துக்கொண்டு கீழே போயிற்று. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்த அபூ ஐஹம் நேராக மாடிக்கு ஏறினார்.

"உங்க குழாய் ஒழுகுது, அபூ தைம். என் வீட்டுக் கூரைக்கு வேர்த்துக் கொட்டுது. திறங்க குளியலறையை."

"உள்ள ஆள் இருக்காங்க."

"யாரு?"

"விருந்தாளிங்க."

"வந்ததுலேருந்து வெளியவே வராத விருந்தாளிங்க!" என்றார் சமையலறையிலிருந்து இப்திஹாஜ்.

அபூ ஐஹம் கதவைத் தள்ளிவிட்டார். நீர் தெளித்துக்கொண்டிருந்த நஸ்மி கதவு தட்டிய அவசரத்தில் பெட்டியை மூடாமல் வந்திருந்தார். சுவரில், கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு பல்லி. அபூ ஐஹமின் கை யோசிக்கவில்லை. பிறந்த நாள்முதல் பழகிய கை. செருப்பு பறந்தது. பல்லி பெட்டிக்குள் பாய்ந்தது. வால் மட்டும் தரையில் கிடந்து தனியே துள்ளியது.

"அடப்பாவி! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"அபூ பிரைஸ்தானேய்யா! நல்லதுதானே செஞ்சேன்?"

"அது பிரிவுத் தலைவர் நாற்காலி, அபூ ஐஹம்!"

"இதுவா?" அபூ ஐஹம் குனிந்து வாலைப் பார்த்தார், நிமிர்ந்து இப்திஹாஜைப் பார்த்தார். "அவருக்கு வெயில் ஏறிடுச்சும்மா. மோர் குடுங்க."

உள்ளூர்ப் பல்லிக்கு வால் மீண்டும் முளைக்கும். இந்த இனத்துக்கு முளைக்காது. நஸ்மி அதைக் கைப்பேசியில் படித்தார். இனித் தவறே கூடாது என்று முடிவு செய்தார். வீட்டில் குளிர்சாதனம் இருந்த ஒரே அறை படுக்கையறை. பெட்டி அங்கே போயிற்று. உப்பு சமையலறைக்குத் திரும்பியது. குடும்பம் தலையணைகளோடு கூடத்துத் தரைக்குப் பெயர்ந்து, ஜன்னலைத் திறந்து வைத்து வியர்த்தது. வலையில் பாதியைக் கண்ணாடியால் மூடி, மறுபாதியைக் காற்றுக்கு விட்டார் நஸ்மி. பொழுது சாயும்போது நன்றாக நனைத்தார்; பகலில் ஓரளவு உலர விட்டார். முள் தானே ஏறித் தானே இறங்கியது. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தத் தீவின் மழைக்காடு மூச்சு விடத் தொடங்கியது.

ஒரு காலை, பாசியை விலக்கியபோது அடியில் இரண்டு வெள்ளை முட்டைகள் இருந்தன.

நஸ்மி கட்டிலில் உட்கார்ந்து அழுதார். இப்திஹாஜ் வந்து எட்டிப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து இன்னைக்குத்தான் ஒரு காரியத்தை முழுசா முடிச்சிருக்கீங்க," என்றார். அவர் குரலில் கேலி பாதிதான் இருந்தது.

மேலாளர் குடும்பம் ஊர் திரும்பிய அன்று, நஸ்மி கல்யாணத்துக்குப் போடும் கோட்டை அணிந்துகொண்டு, பெட்டியோடு அவர்கள் வீட்டு மணியை அழுத்தினார். சிறுமி சீரீன் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது.

"முட்டை! அம்மா, முட்டை! இன்னும் ரெண்டு வரப்போகுது!"

அவள் தாய் பக்கத்தில் இருந்த இருக்கையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"வால் மட்டும்... ஒரு சின்ன விபத்து," என்றார் நஸ்மி.

"வால் போனா என்ன, மாமா! உயிர் இருக்கே!" என்று சீரீன் அவர் கோட்டைக் கட்டிக்கொண்டாள்.

இஸ்மத் பேக் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். காப்பி வரவில்லை. "நல்லது," என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்ததும், பிரிவுத் தலைவர் நாற்காலியில் சமீஹ் அமர்ந்து, அதன் உயரத்தைத் தம் காலுக்கு ஏற்பச் சரிசெய்துகொண்டிருந்தார்.

நஸ்மி வாகன நிறுத்தத்துக்கு வந்து சுவரில் சாய்ந்தார். மேலாளரின் ஓட்டுநர் கலஃப், காரின் முன்மூடி மேல் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வால்தான் கலஃப்," என்றார் நஸ்மி. "அந்த வால் மட்டும் போகாம இருந்திருந்தா நாற்காலி எனக்குத்தான். ஒரு செருப்பு என் வாழ்க்கையவே கெடுத்துடுச்சு."

கலஃப் அவரை இரக்கத்தோடு பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தம் தேநீரை அவர் கையில் கொடுத்தார்.

"வாலா? பேக் வீட்டம்மாவுக்குப் பல்லின்னா பயத்துல உயிரே போயிடும், பொண்ணுகிட்டேருந்து பிடுங்கவும் முடியலை. அதான் 'நம்ம ஆபீஸ்லயே எதையும் உருப்படவிடாத கை நஸ்மி கைதான், அங்க போனா ஒரு வாரம் தாங்காது'ன்னு பேக்கே கார்ல வச்சு அந்தம்மாகிட்ட சொன்னாரு... சாகட்டும்னு குடுத்தத நீங்க குடும்பமாக்கிக் கொண்டாந்துட்டீங்களே, அபூ தைம்!"

வாசகரே, நாளை உங்கள் மேலாளரும் ஓர் உயிரை உங்கள் முன் நீட்டி, "உங்களைத்தான் நம்புகிறேன்" என்பார். அது தமக்கு உயிரோடு திரும்ப வேண்டும் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்வரை கையை நீட்டாதீர்கள்.