கிரேன் கொக்கியில் இறங்கிய கிரீன் டீ

பாட்டில் கிரீன் டீயை உலகத்துக்கே கண்டுபிடித்துக் கொடுத்தவர் எங்கள் 'பச்சை டீ'தான். இன்றைக்குக் கடைகளில் 'ஆரோக்கியம்' என்று லேபிள் ஒட்டி விற்கிறார்களே, அதை அம்பத்தூர் எஸ்டேட்டில் தொண்ணூறுகளிலேயே மனுஷன் செய்துவிட்டார். அவருடைய நிஜப் பேர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் கிரேன் ஆபரேட்டர், நான் கீழே ஸ்டோர் கிளார்க். குன்னூரிலிருந்து மச்சான் அனுப்பும் பச்சைத் தேயிலையைக் கொரட்டூர் வீட்டில் காய்ச்சி, பழைய ஸ்குவாஷ் பாட்டில்களில் ஊற்றிக்கொண்டு வருவார். காலை பத்து மணிக்குக் கிரேன் கொக்கியில் ஒரு பை ஆடி ஆடி இறங்கும். அதில் எனக்கு ஒரு பாட்டில். பாகு தோற்றது போங்கள், அப்படி இனிக்கும்.

"அண்ணாத்தே, இவ்ளோ சக்கரை உடம்புக்கு நல்லதா?"

"தேயிலை நல்லதுதானே நைனா? அது கூட சேந்தா சக்கரையும் நல்லதாயிடும். குடி, குடி!"

யாருக்கு என்ன வந்தாலும் அதுதான் மருந்து: முட்டிவலி என்றாலும் பச்சை டீ, மாமியார் சண்டை என்றாலும் பச்சை டீ. யூனியன் தேர்தலில் தோற்றவருக்கு ரெண்டு பாட்டில்.

அந்த வருஷ மெடிக்கல் செக்கப்பில்தான் வந்தது வினை. சர்க்கரை இருந்தால் கிரேனில் ஏறக்கூடாது, மேலே தலை சுற்றினால் யார் பொறுப்பு என்றார்கள். அவருக்கோ கிரேன்தான் உசுரு. தினம் மூணு பாட்டில் குடிக்கிற மனுஷன் தேறுவாரா? அவர் கண் டெஸ்டுக்குப் போன நேரம் பார்த்து, அவருடைய மூத்திர பாட்டிலில் இருந்த பேர்ச் சீட்டையும் என்னுடையதையும் மாற்றி ஒட்டிவிட்டேன். நான் ஒரே பாட்டில்தானே குடிக்கிறேன், எனக்கென்ன வரப்போகிறது என்ற தெனாவெட்டு!

கம்பவுண்டர் நீல மருந்தில் விட்டுச் சூடு காட்டினார். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை, செங்கல் நிறமானால் எக்கச்சக்கம். என் பேரில் இருந்தது நீலமாகவே நின்றது. அவர் பேரில் இருந்தது அசல் செங்கல். அட கடவுளே, அந்தச் செங்கல் என்னுடையது!

"நாளைலேர்ந்து கிரேன் ஏறாதீங்க" என்றார் டாக்டர். வெளியே வந்த பச்சை டீ, கிரேனை அண்ணாந்து பார்த்தபடி கீழேயே உட்கார்ந்துவிட்டார். காலில் விழாத குறையாக உண்மையைச் சொன்னேன்.

"அடப்பாவி! என்னுதுல எப்டிடா சக்கரை வரும்? என் பாட்டில்ல நான் சக்கரையே போட மாட்டேனே!"

"அப்போ எனக்கு மட்டும் ஏன் போட்டே?"

"போடலைன்னா நீ குடிப்பியா? கசக்குதுன்னு துப்புவே. நல்லது உள்ள போவட்டுமேன்னுதான் நாலு கை சேத்து அள்ளிப் போட்டேன். எங்கடா கெளம்பிட்டே? டாக்டராண்ட சொன்னா உனக்கு மெமோ குடுத்துருவானுங்க. உடு நைனா, கிரேன் போனா போவுது."

விடவில்லை, போய்ச் சொன்னேன். எனக்கு மெமோ வந்தது. அவருக்கு மறுபடி டெஸ்ட் எடுத்து, கிரேனைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மறுநாள் பத்து மணிக்குக் கொக்கி இறங்கியது. பாட்டிலில் ஒரு பொட்டுச் சர்க்கரை கிடையாது. கசப்பு கண்ணைக் கட்டியது. மேலே கேபினிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். முழுசும் குடித்துக் காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் கொக்கி மேலே போனது. என் உடம்பைப் பற்றி அந்த அளவுக்கு வேறு யாரும் கவலைப்பட்டதில்லை.

இன்றும் சர்க்கரை போடாமல்தான் குடிக்கிறேன். குடித்து முடித்ததும் கை தானாக டம்ளரை மேலே தூக்கிக் காட்டிவிடுகிறது.