சுவீடன் அண்ணையின் நாலு சுற்று

வட லண்டனின் எட்மண்டனில் இருந்த தமிழர்களில், நேராகப் போவதை ஒரு பயணமாகவே மதிக்காத ஒரே மனிதர் சுவீடன் அண்ணைதான். அவருடைய சொந்தப் பெயரை மனைவி மாலா அக்காவும் வங்கியும் மட்டுமே பாவித்தார்கள்.

நான் அப்போது ராசன் அண்ணையின் கார் கராஜில் ரெலிபோன் எடுத்துக்கொண்டு, வண்டிகளுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். அங்கே வேலை கேட்டு வந்த சுவீடன் அண்ணை, விண்ணப்பத்தில் முந்தின தொழில் என்ற இடத்தில் ‘ஸ்பீட்வே’ என்று எழுதியிருந்தார்.

“அது என்ன வேலை?” என்று கேட்டார் ராசன் அண்ணை.

“மோட்டர்சைக்கிள் ஓட்டம். நாலு பேர், நாலு சுற்று, மண் தரை. ஒரு நிமிசத்திலை முடிஞ்சிடும். பைக்குக்கு ஒரு கியர்தான். பிறேக் இல்லை.”

ராசன் அண்ணை பேனையைக் கீழே வைத்தார். “தம்பி, பிறேக் இல்லாத வண்டியை நாங்கள் இஞ்சை எம்.ஓ.டி. வருசச் சோதனையிலை பெயிலாக்கிறனாங்கள்.”

ஆனாலும் வேலை கிடைத்தது.

ஒரு தை மாதம் கராஜ் முற்றம் முழுக்க ஐஸ். நாங்கள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தோம். சுவீடன் அண்ணையோ இடது காலை முன்னே நீட்டி, உடம்பைச் சரித்து, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வழுக்கிக்கொண்டு வந்து ராசன் அண்ணைக்கு முன்னால் நின்றார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அதைப் பார்த்துத் தானும் வழுக்கி வந்த மெக்கானிக் குமார், இரண்டு கிழமை கையில் கட்டோடு திரிந்தான்.

அந்த எரிச்சலோ என்னவோ, ஒரு நாள் சாப்பாட்டு நேரம் குமார் கேட்டான்: “இவ்வளவு ஓடினனீங்கள் அண்ணை, ஒரு கப்பாவது எடுத்தனீங்களோ?”

சுவீடன் அண்ணை அன்றைக்குத்தான் வாய் திறந்தார். எட்டு வயதில் தாயோடு அகதியாய்ப் போய் இறங்கியது சுவீடனில் ஒரு சின்ன ஊர். வீட்டுக்குப் பின்னால் ஓட்ட மைதானம். பதினாறு வயதில் பைக்கில் ஏறியவர், பதின்மூன்று வருசம் இறங்கவில்லை. அறிவிப்பாளர் அவருடைய முழுப் பெயரையும் சொல்லி முடிக்கிறதுக்குள் ஓட்டமே முடிந்துவிடுமாம். கடைசி வருசம் அவருடைய கழகம் கப்புக்கு ஒரே ஒரு ஓட்டம் தள்ளி நின்றது. அந்த ஓட்டத்தில், வளைவில், அவருக்கு நேர் முன்னால் எதிரணிக்காரன் ஒருவன் விழுந்தான். சுவீடன் அண்ணை பைக்கைச் சரித்துத் தரையில் விழுத்தி, தானும் வேலியில் போய் மோதினார். இடுப்பு உடைந்தது. ஓட்டத்தைத் திரும்ப நடத்தினார்கள். அவர் ஆஸ்பத்திரியில், கழகம் தோற்றது. அதோடு அவருடைய ஓட்டமும் சரி.

“கப்பை யோசிச்சிருந்தா அந்தப் பெடியன் இல்லை,” என்றார். “பத்தொன்பது வயசு.”

பிறகு சோற்றைப் பிசையத் தொடங்கினார். குமார் எழும்பிப் போய், அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தான்.

அந்த விபத்து நடந்து இருபது வருசத்துக்குப் பிறகு, லண்டனுக்கு வெளியே ஒரு மைதானத்தில் பழைய ஓட்டக்காரர்களுக்கு ஒரு ஓட்டம் வைத்து அவரையும் கூப்பிட்டார்கள். மாலா அக்கா நேர்ஸ்.

“இடுப்புக்குள்ளை ஆறு ஆணி கிடக்கு. மறந்து போனீங்களோ?”

“நாலு சுற்றுத்தான் மாலா.”

“நான் வரமாட்டன். சொல்லிப்போட்டன்.”

ஞாயிறு காலை அவரை ஏற்றப் போனேன். நான் கதவைத் திறந்து விட, அவருக்கு முதல் மாலா அக்கா வந்து பின் சீற்றில் ஏறினார். மடியில் முதலுதவிப் பெட்டி.

ஓட்டக்காரருக்கு முன்னால் கட்டியிருந்த நாடா மேலே போனதும் நாலு பேரும் பாய்ந்தார்கள். சுவீடன் அண்ணை மூன்றாவது. வளைவில் அவர் சரிந்த சரிவில் விழுந்தேவிட்டார் என்று நான் கத்தினேன். மாலா அக்கா என் கையைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது. மூன்றாம் சுற்றில் முன்னால் போனவரை முந்த உள்பக்கம் நல்ல இடைவெளி. அந்த நேரம் பார்த்து அவருடைய எஞ்சின் சத்தம் இறங்கியது. பின்னால் வந்தவரும் தாண்டிப் போனார். சுவீடன் அண்ணை கடைசி.

ஹெல்மெற்றைக் கழற்றினார். முகம் முழுக்கச் செம்மண்.

“பதின்மூண்டு வருசத்திலை ஒருக்காலும் வேகம் குடுக்கிற கையைத் தளர்த்தினதில்லை,” என்றார் என்னிடம். “இண்டைக்குத் தளர்த்திப்போட்டன்.”

“ஏனண்ணை?”

“வேலியடியிலை இவ நிண்டது தெரிஞ்சுது.”

மாலா அக்கா தன் கழுத்தில் சுற்றியிருந்த ஸ்காஃபால் அவருடைய முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிய நெடுநேரம் எடுத்தது.

“கடைசி, மாலா,” என்றார் அவர்.

“நல்லது,” என்றார் அக்கா. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

போன ஆவணியில், சுவீடனில் தனியாக இருந்த அண்ணையின் தாய்க்கு ஞாபகம் தடுமாறத் தொடங்க, இரண்டு பேரும் அங்கேயே போய்விட்டார்கள். அவர்களை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வரும் வழியில் குமார் கேட்டான்: “அண்டைக்கு அந்த ஓட்டத்திலை ஆர் வெண்டது?”

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. கடைசியாக வந்த மனிதரை மட்டும்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.