தினம் அரை டம்ளர்

பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்திவிட்டு மருமகன் குனிந்து பார்த்தார். இன்றும் குறைந்திருந்தது.

ரேடியேட்டருக்குப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் டப்பாவில், இன்ஜினைக் குளிர்விக்கிற பச்சைக் கூலன்ட் நேற்றுக் காலை அளவுக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவரே ஊற்றி, முட்டி போட்டு, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துச் சரிபார்த்தது. இப்போது கோட்டுக்கு இரண்டு விரல் கீழே கிடந்தது. தரையிலோ ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அவர் மருத்துவமனையில் மருந்தாளுநர். அளந்து வைத்த திரவம் சொல்லாமல் கொள்ளாமல் குறைவது அவர் தொழிலில் விசாரணை வைக்கிற விஷயம். டம்ளரால் அளந்து ஊற்றினார். சரியாக அரை டம்ளர் பிடித்தது. நேற்றும் அரை டம்ளர், முந்தாநாளும் அரை டம்ளர். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுப்பதில்லை; அதனால் திங்கட்கிழமை காலையில் மட்டும் குறைவதில்லை. வார விடுமுறை எடுத்துக்கொண்டு கசிகிற வண்டியை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

வண்டி மாமனாருடையது. இருபத்திரண்டு வருடம் ஓட்டினார். தூரத்துப் பார்வை மங்கியதும், மூன்று மாதத்துக்கு முன்பு ஒருநாள், சாவியை இரண்டு கையாலும் நீட்டினார். "நீங்க நல்லாப் பாத்துப்பீங்க," என்று ஒரு வாக்கியம் சொன்னார். அந்த ஒரு வாக்கியம்தான் மருமகனைப் படுத்தி எடுத்தது.

மாமனார் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் ஒருநாளைக்கு நான்கு வார்த்தைக்கு மேல் பேசிக்கொண்டதில்லை. அதில் இரண்டு "சாப்பிட்டாச்சா", "ஆச்சு". மற்றதெல்லாம் மனைவி வழியாகப் போய் மனைவி வழியாகத் திரும்பி வரும். பகை ஒன்றும் கிடையாது. மரியாதை முற்றிவிட்டது, அவ்வளவுதான்.

அப்பாவிடமே கேட்டுவிடுங்களேன், அவருக்குத் தெரியாத வண்டியா என்றாள் மனைவி.

"எந்த முகத்தோட கேக்கறது? குடுத்து மூணு மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள ஒழுக விட்டுட்டேன்னு நினைக்க மாட்டாரா? நீயும் வாயத் திறக்காதே."

அன்றிரவு வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்து வைத்தார். வீட்டிலேயே நல்ல விரிப்பு அது என்பதை மனைவி காலையில் சொல்லித் தெரிந்துகொண்டார். விரிப்பில் பச்சை இல்லை. எண்ணெய்க் கறை மூன்றும் ஒரு பூனை வந்து போன தடமும் இருந்தன. டப்பாவில் அரை டம்ளர் குறைந்திருந்தது.

பிறகு ரப்பர் குழாய்களின் பட்டைகள் தளர்ந்திருக்கும் என்று முடிவு செய்து, மாமனார் குளிக்கப் போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் முறுக்கினார். ஒன்றை மனதார முறுக்கினார். பழைய ரப்பர், பட்டை கடித்த இடத்தில் கிழிந்து, ஆஸ்பத்திரி வாசலில் ஆவி கிளம்பியது. அதுவரை வண்டியில் கண்ணுக்குத் தெரிந்த கசிவு என்று ஒன்று இல்லை; இப்போது இருந்தது.

புதுக் குழாய் போட்டார். அரை டம்ளர் குறைந்தது. அடுத்து, ரேடியேட்டர் மூடிதான் காரணம் என்று இன்னொரு மருந்தாளுநர் அடித்துச் சொன்னார். இறுக்கமான புது மூடி வந்தது. அழுத்தம் ஏறி, டேஷ்போர்டுக்குள் நிம்மதியாக இருந்த ஹீட்டர் குழாய் பிளந்தது. மருமகனின் வலது காலுறை பச்சையானது. அதையும் மாற்றினார். மறுநாள் காலை அரை டம்ளர்.

மாலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால், மாமனார் துணியும் கையுமாக வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருப்பார். ஆஸ்பத்திரி போய் வந்த வண்டியின் சூடு ஆறும் முன்பே போய்விடுவார். கண்ணாடியைத் துடைப்பார், பானெட்டைத் தடவுவார். பிரிய மனம் வரவில்லை பாவம் என்று மருமகன் நினைத்துக்கொள்வார். அந்த நேரத்தில் அங்கே போய் நிற்கத் தைரியம் இல்லாமல் உள்ளறைக்குப் போய்விடுவார்.

கடைசியில் மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் எவருக்கும் நம்பிக்கை கொடுத்துப் பழக்கமில்லாதவர். கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றினார், முள் அசையவில்லை. சாயம் கலந்து, நீல விளக்கு அடித்து, மூலை முடுக்கெல்லாம் தேடினார். இரண்டு நாள் வண்டியைத் தன்னிடமே வைத்து ஓட்டியும் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு சொட்டு குறையல சார்."

"வீட்டுல குறையுதே."

மெக்கானிக் பானெட்டை இறக்கி மூடினார். "வெளிய கசியலன்னா உள்ள கசியுது. இன்ஜினுக்கும் அதுக்கு மேல மூடியிருக்கற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற கேஸ்கெட். ஆரம்பத்துல இப்படித்தான், ஒருநாள் காட்டும், ஒருநாள் காட்டாது. விட்டா இன்ஜின் போயிடும். தொறந்துடலாம்."

 வியாதி முற்றும்வரை காத்திருப்பது மருமகனுக்கு ஒவ்வாத காரியம். திறக்கச் சொன்னார்.

வண்டி எங்கே என்று மாமனார் மகளிடம் கேட்டார். சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று மகள் சொன்னாள். நான்காம் நாளும் கேட்டார். நல்லா சர்வீஸ் பண்றாங்கப்பா என்றாள் அவள். சொல்லிவிட்டுக் கணவனை ஒரு பார்வை பார்த்தாள்.

பட்டறையில் இருபத்திரண்டு வருட போல்ட்டுகள் லேசில் கழலவில்லை. இரண்டு முறிந்து உள்ளேயே தங்கின. முறிந்ததைத் தோண்டி எடுக்கப் போய் ஹெட்டில் விரிசல் ஓடியது. இந்த மாடலுக்கு ஹெட் இப்போது வருவதில்லை. பழைய வண்டி உடைக்கிற இடங்களிலும் விசாரித்தாகிவிட்டது, இல்லை. மருமகன் போனபோது இன்ஜின் நான்கு தட்டுகளில் பிரிந்து கிடந்தது. மெக்கானிக் கேஸ்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு குறையும் இல்ல சார். அதுதான் எனக்குப் புரியல."

இனி என்ன செய்யலாம் என்று மருமகன் கேட்டார். காயலான் கடைக்கு ஆள் சொல்லி அனுப்பட்டுமா என்று மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

மருமகன் வீட்டுக்கு நடந்தே வந்தார். கூடத்தில் மாமனார் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மனைவி சமையலறை வாசலுக்கு வந்தவள், கணவன் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள். இதையும் அவள் வழியாகச் சொல்லி அனுப்புவது கோழைத்தனம் என்று அவருக்குப் பட்டது. கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக நேராகப் போய் மாமனார் எதிரில் நின்றார்.

"மாமா, வண்டி போச்சு."

மாமனார் செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

மருமகன் ஒன்றையும் மறைக்கவில்லை. தினம் காலையில் அரை டம்ளர் குறைந்தது, தான் ஊற்றி ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவந்தது, குழாய், மூடி, மெக்கானிக், முறிந்த போல்ட்டு, நான்கு தட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். 

"நீங்க இருபத்திரண்டு வருஷம் வச்சிருந்தத நான் மூணு மாசத்துல முடிச்சிட்டேன். கசிவு எங்கன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கத் தெரியல. மன்னிச்சிடுங்க மாமா."

 மாமனாரின் உதடு ஏதோ கணக்குப் போடுவதுபோல அசைந்தது. முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. மருமகனை நிமிர்ந்து பார்க்க முடியாமல், பழக்கப்படி, மகள் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை காலைல ஊத்தறது கொஞ்சம் கூடிப்போகுதுன்னு நினைச்சேம்மா, சாயங்காலம் பாத்தா சூட்டுல பொங்கித் தினமும் கோட்டுக்கு மேல நின்னுது, சொன்னா மனசு நோகுமேன்னு, நான்தான் அவருக்குத் தெரியாம அந்த அரை டம்ளர உறிஞ்சி எடுத்துக் கோட்டுக்குக் கொண்டாந்துட்டு இருந்தேன்."