தங்கள் கார் இன்னும் மேலேயே இருக்கிறது

உயர்திரு கணேசலிங்கம் அவர்களுக்கு, ரோவிலிலிருந்து ஈஸ்வரமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், மனைவி சந்திரகலா, மகன் கௌரிசங்கர் மூவரும் நலம். தங்கள் காரும் நலம். தரையில் இல்லை என்பதைத் தவிர அதற்கு ஒரு குறையும் கிடையாது. கிளென் வேவர்லியில் தங்கள் வீட்டார் எல்லோரும் சௌக்கியமாக இருக்கப் பிள்ளையார் துணை நிற்கட்டும். பல முறை போன் செய்தும் தாங்கள் எடுக்காததால், கடிதம்தான் மரியாதை என்று உட்கார்ந்துவிட்டேன். சம்பந்தி என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. கல்யாணப் பேச்சு இன்னும் முடிவாகாததால் அடக்கிக்கொண்டேன்.

போன சனிக்கிழமை தாங்கள் என் மகனுடைய கராஜுக்கு வந்தது ஆயில் ஒழுகுவதைக் காட்டுவதற்கு மட்டுமல்ல, பையனையும் ஒரு பார்வை பார்க்கத்தான் என்பது எனக்குத் தெரியும். அவனும் காரை லிஃப்டில் ஏற்றினான், ஒழுகலை அடைத்தான், இறக்கப் போனான், லிஃப்ட் இறங்கவில்லை. "சிக்கிடுச்சுங்க அங்கிள்" என்றான். தாங்கள் அண்ணாந்து பார்த்து, "ஓம், தெரியுது" என்றீர்கள். ஆமாம் என்பதற்குத் தாங்கள் சொல்லும் அந்த 'ஓம்' இன்னும் என் காதிலேயே இருக்கிறது. மறுநாள் காலை அதே காரில் சிட்னிக்குப் போய்த் தங்கள் மகள் லக்சிகாவுக்கு ஒரு பல் டாக்டர் மாப்பிள்ளையைப் பார்க்க இருந்தீர்கள் என்பதே, அந்த வீட்டுக்கென்று செய்த சீனி அரியதரம், பயற்றம் பணியாரம் ஆகிய பலகாரங்கள் டிக்கியில் இருப்பதாகத் தங்கள் துணைவியார் யோகா அம்மா சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. தாங்கள் விமானம் ஏறுவதில்லை, அடுத்தவர் காரில் தூரம் போவதுமில்லை. பயணம் நின்றது. பையனைப் பற்றி என்ன நினைப்பீர்களோ என்ற பயத்தில் அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை.

ஐயா, தப்பு அவனுடையதில்லை, முழுக்க என்னுடையது. கராஜ் தொடங்கியபோது அவன் நல்ல கம்பெனி லிஃப்ட் ஒன்றைக் காட்டி, "விலை ஜாஸ்திதான்ப்பா, ஆனா பார்ட்ஸ் இங்கயே கிடைக்கும், ரிப்பேர்னா அன்னைக்கே ஆள் வருவான்" என்றான். பீளமேட்டில் பம்பு செட் விற்றவனுக்கே பாடமா என்று நான் பாதி விலையில் ஒன்றைக் கடல் தாண்டி வரவழைத்தேன். வந்து இறங்கியதும், அதைப் பூட்ட நம் தரையின் கான்கிரீட் போதாது என்றார்கள். தரையை உடைத்து மறுபடி போட்டோம். போட்டது காய்வதற்குள், புது வண்டிக்குப் பூஜை போடுகிறோமே, இதற்கும் போட வேண்டாமா என்று, லிஃப்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாததால் அதன் மோட்டாரை மட்டும் காரில் வைத்து த பேசின் என்ற ஊரிலுள்ள விநாயகர் கோவிலுக்குக் கொண்டுபோய், அர்ச்சனை முடிந்த சந்தோஷத்தில் வாசலில் வைத்து நானே ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினேன். மோட்டார் போச்சு. புது மோட்டார் வந்தது, அடுத்து எண்ணெய் சீல் கசிந்தது, சீல் கப்பலில் வர ஒன்றரை மாதம், அதுவரைக்கும் என் பையன் அட்டையை விரிச்சு வண்டிக்கடியில் படுத்துக் கிடந்தான், வாடிக்கைக்காரங்க பாதிப்பேர் வேற கராஜுக்குப் போயிட்டாங்க. அப்புறம் கேபிள். அப்புறம் வருஷ சோதனைக்கு வந்த ஆள் பார்த்துட்டுத் தலையை ஆட்டினான். "ஏனுங்க, மலிவுன்னு சொன்னா மலையைக்கூட வாங்கிட்டு வந்துருவீங்களா?" என்று சந்திரகலா கேட்டாள்.

இதில் எனக்கு ஒரே ஆறுதல் லக்சிகாதான். அப்பாவின் கார் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தினமும் வேலை முடிந்து வருகிறாள். அப்பா கார் மேல் என்ன ஒரு அக்கறை! கணக்காளர் அல்லவா, நேற்று என் எதிரே உட்கார்ந்து சொன்னாள்: "அங்கிள், வாங்கேக்க குடுக்கிறது மட்டும் விலையில்லை. வச்சிருக்கிற காலம் முழுக்க அது கேக்கிறதையும் சேர்த்துத்தான் பாக்கவேணும்." உடனே அந்த நல்ல கம்பெனி லிஃப்டுக்கே ஆர்டர் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை அவர்கள் ஆள் வந்து தங்கள் காரையும் இறக்கிக் கொடுப்பார்.

அதே கணக்கில் மாப்பிள்ளையையும் பாருங்கள் ஐயா. பல் டாக்டர் பார்க்கப் பளபளப்பாகத்தான் இருப்பார். என் மகன் நகத்தில் கிரீஸ் போகாது, அது உண்மை. ஆனால் வைத்துக்கொள்ளச் சுலபமானவன். நாலு தோசை போட்டால் நாள் முழுக்க ஓடுவான், சத்தம் வராது, தான் கெட்டால் தானே சரிசெய்துகொள்வான். அவனுக்கு உங்கள் மகளைப் பிடித்திருக்கிறது. எங்களுக்கும்தான்.

யோகா அம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம். லக்சிகாவுக்கு எங்கள் ஆசி, அவள் எங்கே வாழப்போனாலும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்
ஈஸ்வரமூர்த்தி

பின்குறிப்பு: மேலே எழுதிய சமாதானம் எதுவும் செல்லாது. கடிதத்தை வாங்கிப்போக லக்சிகா வந்தாள். நின்றபடியே படித்து, "ஐயோ அங்கிள்" என்று சிரித்தாள். சுவிட்சை ஒரு தட்டுத் தட்டினாள், லிஃப்ட் விரல் அளவு மேலே போனது. பூட்டை விடுவித்துப் பிடியை அழுத்தினாள். தங்கள் கார் அலுங்காமல் தரைக்கு வந்தது. இறக்குவதற்கு முன், பூட்டு விலகக் கொஞ்சம் ஏற்ற வேண்டுமாம். ஒரு வாரமாக என் மகன் இதை என்னிடம் சொல்லவில்லை. அவன் துடைத்த ஸ்பேனரையே துடைத்துக்கொண்டு நின்றான். "அவரில பிழையில்லை அங்கிள். இறக்கவேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான். எனக்குச் சிட்னிக்குப் போக விருப்பமில்லை. அதையும் எழுதுங்கோ, நான் சொன்னா அப்பா கேக்கமாட்டார்" என்றாள். எழுதிவிட்டேன். இந்த ஒரு விஷயத்தில் லிஃப்ட் நிரபராதி.

கார் சாவி இத்துடன் வருகிறது, டேங்க்கும் நிரப்பியாயிற்று. சிட்னிக்குப் போவதானால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் டிக்கியில் பலகார டப்பா காலி. ஏணி போட்டு ஏறி இரண்டு பேருமாகத் தின்று தீர்த்திருக்கிறார்கள். இன்னொருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவது நமக்கு அழகில்லை, சம்பந்தி.